சம்பளம் உங்களுடையது, லாபம் யாருடையது? 28 தொழிலாளர்கள் திறந்த ஒரு கடை சொல்லித் தரும் பாடம்



இன்னைக்கு எந்த மியூச்சுவல் ஃபண்ட் நல்லதுன்னு பேசப் போறதில்லை. அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி. நம்ம சம்பளம் நம்ம கையில எத்தனை நாள் தங்குது? தங்காம போற பணம் யார் கைக்குப் போகுது?

முதல்ல என் கதை. என் முதல் வேலையில எங்க டீம்ல நாங்க எட்டு பேர். எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம், ஒரே வயசு. எட்டு பேர் கையிலயும் இ.எம்.ஐ-யில வாங்கின நல்ல போன். ஆளுக்கு மாசம் 3,000 ரூபாய் வாக்கில கட்டிக்கிட்டு இருந்தோம். ஒரு நாள் பக்கத்து சீட் நண்பனோட அப்பாவை அவசரமா ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. உடனே 50,000 ரூபாய் கட்டணும். அது மாசத்தோட 19-ஆம் தேதி. எட்டு பேரும் அக்கவுண்ட்டைத் திறந்து பார்த்தோம். எல்லாரும் சேர்ந்து புரட்டினது 11,000 ரூபாய். மிச்சத்தை அவன் கிரெடிட் கார்டுல கேஷா எடுத்தான். அப்பா பிழைச்சு வந்துட்டார். ஆனா அந்தக் கடன் முடிய அவனுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

அப்புறம்தான் கணக்கு போட்டுப் பார்த்தேன். எட்டு பேர், ஆளுக்கு 3,000. மாசம் 24,000. ரெண்டே மாசத்துல 48,000. அதாவது, கிட்டத்தட்ட அவனுக்குத் தேவைப்பட்ட தொகையை ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை நாங்க வெளியே அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தோம். பணம் இல்லாதது எங்க பிரச்சனை இல்லை. பணம் எங்களுக்குள்ள ஒரு சுத்துகூட சுத்தாம நேரா வெளியே போனதுதான் பிரச்சனை.

இதே பிரச்சனையை 180 வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன ஊர்த் தொழிலாளர்கள் எப்படிச் சமாளிச்சாங்கன்னு பார்ப்போம். அதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டிய பாடங்கள் நாலு.

ராச்டேல்: ஒரு சந்துக் கடையின் கதை

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் ராச்டேல். 1840-களில் அங்கே கம்பளித் துணி நெசவுதான் பெரிய தொழில். இயந்திரங்கள் வந்து கைத்தறி நெசவாளர்களின் கூலியைக் குறைத்துவிட்டன. கூலி உயர்வு கேட்டார்கள், கிடைக்கவில்லை. சரி, வர்ற கூலியிலாவது ஒழுங்கா சாப்பிடலாம் என்றால், கடையிலும் ஏமாற்று. மாவில் கலப்படம், டீத்தூளில் கலப்படம், எடையிலும் குறைவு. கடைக்காரரிடம் கடன் இருப்பதால் வேறு கடைக்கும் போக முடியாது. சம்பளத்தைக் கொடுக்கிற இடத்திலும் நஷ்டம், செலவு பண்ற இடத்திலும் நஷ்டம்.

அப்போது 28 பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கூலியை உயர்த்துவது நம் கையில் இல்லை. ஆனால் கூலியை எங்கே செலவு செய்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ரெண்டு மூணு பென்னி என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுண்டு பங்கு போட்டு, 28 பவுண்டு முதலீட்டில் டோட் லேன் என்ற தெருவில் ஒரு கடை திறந்தார்கள். தேதி 1844 டிசம்பர் 21. கடையில் இருந்த சரக்கு கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி. அவ்வளவுதான்.

அந்தக் கடைக்கு அவர்கள் வைத்த விதிகள்தான் முக்கியம்:

1. கலப்படம் இல்லாத சரக்கு, சரியான எடை.
2. ரொக்கம் மட்டும். யாருக்கும் கடன் கிடையாது.
3. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு.
4. போட்ட பணத்துக்கு ஒரு அளவான வட்டி மட்டும். மிச்ச லாபம், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் அவர்களுக்கே திரும்பும்.

நாலாவது விதியை இன்னொரு தடவை படிங்க. சாதாரணக் கடையில் லாபம் முதலாளிக்கு. பங்குச் சந்தைக் கம்பெனியில் லாபம் பங்கு வைத்திருப்பவருக்கு. இங்கே லாபம் வாடிக்கையாளருக்கு, ஏன்னா வாடிக்கையாளர்தான் முதலாளி.

"இது நம்ம கேஷ்பேக் மாதிரிதானே?"ன்னு கேட்கலாம். இல்லை. கேஷ்பேக் உங்களை இன்னும் கொஞ்சம் செலவு பண்ண வைக்கிறதுக்காகக் கொடுக்கிறது. 500 ரூபாய்க்கு மேல வாங்கினா 50 ரூபாய்னு போட்டிருந்தா, 380 ரூபாய் பில்லை நாமளே 500-ஆ ஆக்கிடுவோம். ராச்டேல் கடையில் உறுப்பினரை அதிகம் வாங்க வைத்து யாருக்கும் தனியாக ஆதாயம் இல்லை. அதோட, அந்த டிவிடெண்டை எடுக்காமல் சங்கத்திலேயே விட்டு வைத்தால் அது உறுப்பினரின் சேமிப்பாக வளர்ந்தது. மாவு வாங்கி ரொட்டி சாப்பிட்டதே சேமிப்பு ஆனது. வாழ்க்கையில் சேமிப்புக் கணக்கே இல்லாத குடும்பங்களுக்கு அதுதான் முதல் சேமிப்பு.

இந்த மாதிரி உலகம் முழுக்கப் பரவியது. 1895-ல் லண்டனில் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு உருவானது. இன்றைய கூட்டுறவுக் கொள்கைகளுக்கு வேர் அந்த ராச்டேல் விதிகள்தான்.

அது திருவல்லிக்கேணிக்கும் வந்தது

இது ஏதோ வெளிநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. ராச்டேல் மாதிரியைப் பார்த்து 1904-ல் சென்னையில் தொடங்கப்பட்டதுதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். சென்னைக்காரங்க 'டி.யு.சி.எஸ்.'னு சொன்னா உடனே தெரிஞ்சுக்குவாங்க. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அப்போது அவர் அந்தப் பகுதியில் இருந்த இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமை ஆசிரியர்.

ராச்டேலில் நெசவாளர்கள் செய்ததை இங்கே செய்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். நம்ம மாதிரி ஆட்கள். மளிகைக் கடையில் மாசக் கணக்கு வைத்து, ஒண்ணாம் தேதி சம்பளத்தில் பாதியைக் கடைக்காரருக்குக் கொடுக்கிற வாழ்க்கை அவர்களுக்கும் பழக்கம்தான்.

நம்ம பக்கத்துல இன்னும் ரெண்டு உதாரணம். 1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய லிஜ்ஜத். 1957-ல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்தபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை நடத்தினார்கள். இன்றும் பல ஊர்களில் இருக்கிற இந்தியன் காபி ஹவுஸ்கள் அப்படி வந்தவை. எதுக்கும் பெரிய முதலீட்டாளர் வரலை. சின்னத் தொகை, தெளிவான விதி, ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த ஆட்கள்.

எங்கே சறுக்கினாங்க? இதையும் படிங்க

நல்லதை மட்டும் சொன்னா அது விளம்பரம் ஆகிடும்.

முதல் சறுக்கல். 1844 கடைக்கு முன்னாடியே, 1833-ல் அதே ராச்டேலில் ஒரு கூட்டுறவுக் கடை இருந்தது. ரெண்டு வருஷத்தில் மூடிவிட்டார்கள். காரணம், உறுப்பினர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தது. 'ரொக்கம் மட்டும்' என்ற விதி அந்த அடியில் இருந்து கற்றது. ஆனால் அந்த விதிக்கும் ஒரு விலை உண்டு. கடன் இல்லாமல் அன்றாடம் அடுப்பு எரிக்க முடியாத பரம ஏழைகளால் அந்தக் கடைக்கு வர முடியவில்லை.

ரெண்டாவது சறுக்கல் இன்னும் முக்கியம். 1854-ல் அவர்கள் ஒரு பருத்தி ஆலை தொடங்கினார்கள். லாபத்தில் ஒரு பகுதி அங்கே வேலை செய்கிற தொழிலாளர்களுக்கு என்று விதி. ஆலை நன்றாக ஓடியது. நல்ல லாபம் வருகிறது என்று கேள்விப்பட்டு நிறைய புதிய பங்குதாரர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு டிவிடெண்ட் மட்டும்தான் கணக்கு. 1862-ல் ஓட்டெடுத்து, தொழிலாளர்களுக்கான லாபப் பங்கையே நீக்கிவிட்டார்கள்.

யாரும் திருடலை, ஏமாத்தலை. 'எனக்கு எவ்வளவு ரிட்டர்ன்?' என்ற ஒரே கேள்வியோட வந்தவங்க எண்ணிக்கை கூடிடுச்சு, அவ்வளவுதான். எஸ்.ஐ.பி போடுற நம்ம எல்லாருக்கும் இதுல ஒரு கேள்வி இருக்கு. நாம ரிட்டர்ன் மட்டும் கேட்கிற இடத்துல, அந்த ரிட்டர்ன் யாரோட பங்குல இருந்து வருது? முதலீட்டை நிறுத்துங்கன்னு சொல்லலை. இந்தக் கேள்வியும் சேர்த்துக் கேட்கிற பழக்கம் வேணும்னு சொல்றேன்.

பாடம் 1: உங்க ஆபீஸ்ல சொசைட்டி இருக்கா?

அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பழைய தொழிற்சாலைகள், கல்லூரிகள் பலவற்றில் 'பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்' ஒன்று இருக்கும். பேச்சுல 'சொசைட்டி'. அப்பா சித்தப்பா யாராவது இந்த மாதிரி வேலையில இருந்திருந்தா, "சொசைட்டி லோன்ல தான் உங்க அக்கா கல்யாணம் நடந்துச்சு"ன்னு சொல்லக் கேட்டிருப்பீங்க.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. மாசா மாசம் சம்பளத்தில் இருந்து ஒரு சிக்கனத் தொகை பிடிப்பார்கள். அந்தப் பணத்தில் இருந்து உறுப்பினருக்குக் கடன். சக ஊழியர்களே ஜாமீன். தவணை சம்பளத்தில் பிடித்தம். வருஷக் கடைசியில் லாபம் இருந்தால் பங்குக்கு டிவிடெண்ட்.

என் நண்பனுக்குத் தேவைப்பட்ட 50,000 ரூபாய்க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிரெடிட் கார்டுல கேஷ் எடுத்தா முதல் நாள்ல இருந்தே வட்டி. மாசம் 3.5 சதவீதம்னு வைங்க. 50,000 ரூபாய்க்கு மாச வட்டி 1,750. அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி 315. ஆக 2,065 ரூபாய், அசல் ஒரு பைசா குறையாம. கேஷ் எடுத்ததுக்கான கட்டணம் தனி. அதே தொகை சொசைட்டியில வருஷத்துக்கு 12 சதவீதம்னு வைத்தால் மாச வட்டி 500 ரூபாய். வித்தியாசம் மாசம் 1,565. அதுவும் அந்த 500 ரூபாய் சங்கத்துக்குள்ளேயே இருக்கும். டிவிடெண்டாகத் திரும்பவும் வரலாம்.

சேர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

- சங்கம் பதிவு பெற்றதா? தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கணும்.
- கடைசித் தணிக்கை அறிக்கை எந்த வருஷத்தோடது? கேட்டுப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு.
- வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற 5 லட்சம் ரூபாய் காப்பீடு, கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு. இந்தச் சிக்கன நாணயச் சங்கங்களுக்குக் கிடையாது. அதனால மொத்தச் சேமிப்பையும் இங்கே போடாதீங்க.
- லோன் சுலபமா கிடைக்குதேன்னு பைக் மாத்தறதுக்கு எடுக்காதீங்க. ஜாமீன் போட்ட நண்பரோட சம்பளமும் அதுல மாட்டிக்கும்.

பாடம் 2: சொசைட்டி இல்லைன்னா, ஒரு 'பொதுப் பை'

தனியார் கம்பெனியில இருக்கிற நம்மில் பலருக்குச் சொசைட்டி வசதி இல்லை. அங்கே சின்னதா ஒண்ணு செய்யலாம். நல்லாத் தெரிஞ்ச ஆறு முதல் பத்து பேர். ஆளுக்கு மாசம் 1,000. பத்து பேர்னா வருஷத்துல 1,20,000 ரூபாய். மருத்துவம், திடீர் வேலையிழப்பு, வீட்டுல துக்கம், இந்த மூணுக்கு மட்டும் வட்டியில்லாம எடுத்துக்கலாம். பத்து மாசத்துல திருப்பணும்.

இதுக்கும் ராச்டேல் விதிதான்: எழுதி வைங்க. ஒரே ஒரு பக்கம் போதும். யார் எவ்வளவு, எதுக்கு எடுக்கலாம், அதிகபட்சம் எவ்வளவு, விலகினா எப்படித் திரும்பும். பணம் ஒருத்தரோட யு.பி.ஐ-யில கிடக்கக் கூடாது. ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் எடுக்க முடியும்ங்கிற கூட்டு வங்கிக் கணக்கு. மாசம் ஒரு தடவை எல்லாருக்கும் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. இதைச் சீட்டா மாத்தாதீங்க. பதிவில்லாத சீட்டு நடத்துறது சட்டச் சிக்கல். வெளியாட்கள்கிட்ட "வட்டி தர்றோம்"னு பணம் வாங்கவே வாங்காதீங்க. தெரிஞ்சவங்க, சின்னத் தொகை, வட்டி இல்லை. இந்த மூணு வேலியைத் தாண்டாத வரைக்கும் நல்லது. இது உங்க சொந்த அவசர நிதிக்கு மாற்று இல்லை, அதுக்குத் துணை.

பாடம் 3: சொந்தமா வேணுமா, தேவைக்குக் கிடைச்சா போதுமா?

உங்க அபார்ட்மென்ட்ல 20 வீடு. வீட்டுக்கு ஒரு டிரில்லிங் மெஷின், 2,500 ரூபாய்னு வைங்க. மொத்தம் 50,000. ஒரு வீட்டுல அது வருஷத்துக்கு எத்தனை தடவை ஓடும்? காலண்டர் மாட்ட, கர்ட்டன் மாட்ட, மூணு நாலு தடவை. ரெண்டு மெஷின் பொதுவுல இருந்தா 5,000 ரூபாயில முடிஞ்சது. ஏணி, கூடுதல் நாற்காலி, விசேஷத்துக்குப் பெரிய பாத்திரம் எல்லாத்துக்கும் இதே கணக்கு. நம்ம ஊர்ல முன்னாடி இதுக்குக் கணக்கே தேவைப்படலை. கல்யாண அண்டா ஒரு வீட்டுல இருந்தா, தெருவுக்கே அது அண்டாதான்.

பழுது பார்க்கிறதும் அப்படித்தான். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்றை ஆரம்பித்தார். உடைந்த மிக்ஸி, கிழிந்த சட்டை, ஓடாத ரேடியோவைக் கொண்டு வரணும். தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரி செய்யக் கற்றுத் தருவார்கள். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. நம்ம நாட்டிலும் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு இணையதளம் தொடங்கியது. ஆனா நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தெருமுனையில மிக்ஸி ரிப்பேர் கடை வெச்சிருக்கிற அண்ணன்கிட்ட 300 ரூபாய் கொடுத்தா, புது மிக்ஸிக்கான 4,000 மிச்சம். அந்த 300-ம் அவர் வீட்டு அரிசிக்குப் போகும். கொடுக்கிறதுக்கு முன்னாடி பேரம் மட்டும் பேசாதீங்க; ஆன்லைன்ல யாரும் பேரம் பேசறதில்லையே!

பாடம் 4: 'நோ காஸ்ட்' இ.எம்.ஐ-யை நம்பாதீங்க

ராச்டேல்காரர்கள் ரொக்கத்துக்கு மட்டும்தான் வித்தாங்க. கடன் இருந்தா விலை கண்ணுக்குத் தெரியாது. இன்னைக்கும் அதே கதை. நோ காஸ்ட்னு சொன்னாலும், வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்குப் பொருள் விலையில தள்ளுபடி காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல ஜி.எஸ்.டி உங்க கணக்குல. பிராசஸிங் கட்டணமும் உங்க கணக்குல. அதைவிடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு. 32,000 ரூபாய்ப் பொருளை '2,667 ரூபாய்தானே'ன்னு மனசு நினைக்கிறது.

ஒரு விதி வெச்சுக்கங்க. போன், ஷூ, வாட்ச் மாதிரி பொருளுக்கு, முதல்ல அந்த இ.எம்.ஐ தொகையை மூணு மாசம் உங்களுக்கே கட்டுங்க, தனி ஆர்.டி-யில. மூணு மாசம் கழிச்சும் அந்தப் பொருள் வேணும்னு தோணினா, தொடர்ந்து சேர்த்து ரொக்கத்துல வாங்குங்க. தோணலைன்னா, பொதுப் பைக்கு முதல் பணம் ரெடி.

இந்த வார வீட்டுப்பாடம்

1. போன மாச ஸ்டேட்மென்ட்ல ஒவ்வொரு செலவுக்குப் பக்கத்துலயும் குறிங்க: இந்த லாபம் யாருக்கு? பெரிய கம்பெனி, உள்ளூர்க் கடை, கூட்டுறவு, இப்படி மூணு கட்டம் போதும்.
2. எச்.ஆர்-கிட்ட ஒரே ஒரு கேள்வி: "நம்ம ஆபீஸ்ல கிரெடிட் சொசைட்டி இருக்கா?"
3. மூணாவது கட்டத்துக்கு ஒரே ஒரு செலவை மாத்துங்க. பால், பட்டு, தேன், காபி எதுவா இருந்தாலும் சரி. ஆவின், கோ-ஆப்டெக்ஸ், கூட்டுறவுப் பண்டகசாலை எல்லாம் நம்ம ஊர்லயே இருக்கு. தரம் பிடிக்கலைன்னா குறையைச் சொல்லுங்க. அதுவும் நம்ம வேலைதான்.
4. நம்பிக்கையான அஞ்சு பேர் பெயரை ஒரு தாள்ல எழுதுங்க. எழுத முடிஞ்சா உங்க பொதுப் பை பாதி ஆரம்பிச்சாச்சு. எழுத முடியலைன்னா, பணத்தைவிட அதை முதல்ல சேர்க்கணும்.

என்னோட அந்த எட்டு பேர் டீம் இப்போ வேற வேற கம்பெனியில இருக்கோம். நாலு வருஷமா எங்களுக்குன்னு ஒரு பொதுப் பை இருக்கு. இதுவரைக்கும் மூணு பேர் எடுத்திருக்கோம். மூணு பேரும் திருப்பிட்டோம். அதுல ஒருத்தன் நான். எனக்கு வேலை போன ரெண்டு மாசம் வீட்டு வாடகை அதுல இருந்துதான் போச்சு. கணக்கு எழுதுறது யார் தெரியுமா? அன்னைக்கு கார்டுல கேஷ் எடுத்த அதே நண்பன். ஒரு ரூபாய் விடமாட்டான்!

இதே தலைப்புல, பொதுப் பைக்கான ஒரு பக்க விதிகளை எப்படி எழுதறதுன்னு அடுத்த வீடியோவுல படிப்படியா பார்க்கலாம். அதுவரைக்கும் அந்த அஞ்சு பேர் பட்டியலை எழுதி வைங்க.